மண்புழு இல்லாமல் தூண்டிலா?

கேள்வி: மகன் அமெரிக்காவில், நாக்ஸ்வில்லில் இருக்கிறான். மே மாதம் போகிறோம். பக்கத்திலிருக்கும் ஸ்மோக்கி மலை ஓடைகளில் ட்ரௌட் மீன் உண்டாமே? காவிரியில் நாற்பது வருடம் மண்புழு கோத்தவன் நான். அங்கே என் வித்தை பலிக்குமா? (திருச்சி வாசகர்)

பதில்: மண்புழுவை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள் ஐயா. கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவுக்குள் புழு, மாவு எதுவும் கூடாது. ஒற்றை முள் வைத்த செயற்கை இரை மட்டும்தான். டென்னசி, வட கரோலினா இரண்டில் ஏதாவது ஒரு மாநிலத்து உரிமம் எடுத்தால் போதும், பூங்கா முழுக்கச் செல்லும்.

நம் தூண்டிலில் ஈயக்குண்டு நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை என்ற பொய்ப்பூச்சி கட்டிய தூண்டிலில் எல்லாம் தலைகீழ். இறகும் முடியும் சுற்றிய அந்தப் பூச்சிக்குக் கனமே கிடையாது, தடித்த நூலின் கனம்தான் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஆகவே கை பழகச் சில நாள் ஆகும், மகன் வீட்டுப் புல்வெளியில் முள்ளை வெட்டிவிட்டுப் பழகுங்கள். ஏழடிக் கோல் போதும். நீளக்கோல் வாங்கினால் மரத்தைத்தான் பிடிப்பீர்கள், ஏனென்றால் ஓடைக்கு மேலே ரோடோடென்ட்ரான் (நீலகிரியில் காட்டுப்பூவரசு என்பார்களே, அதன் சொந்தம்) கூரை மாதிரி கவிந்திருக்கும். ஆனால் காவிரி வீணாகவில்லை. மீன் எங்கே நிற்கும் என்று பார்க்கத் தெரிந்த கண் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதைக் கடையில் விற்பதில்லை.

கேள்வி: நான் ஸ்மோக்கி மலைப் பக்கத்திலேயேதான் வசிக்கிறேன். வீசுவது நன்றாக வந்துவிட்டது. ஆனால் ஓடைக்கரைக்குப் போய் நின்றதுமே மீன் சிதறி ஓடிவிடுகிறது. பூச்சியை மாற்ற வேண்டுமா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: பூச்சியை விடுங்கள், நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். ட்ரௌட் நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நிற்கும், சாப்பாடு மேலேயிருந்துதானே மிதந்து வருகிறது. நீங்கள் மேட்டிலிருந்து இறங்கி வந்தால் அதன் கண்ணெதிரே நடக்கிறீர்கள். கீழிருந்து மேலாக, அதன் வால்பக்கமாகப் போங்கள். நானும் முதல் வருடம் முழுக்க நடுப்பாறையில் கோவில் சிலை மாதிரி நின்று வீசிவிட்டு, மீனே இல்லாத ஓடை என்று திட்டிக்கொண்டு வீடு திரும்பியவன்தான். ஒருநாள் கால் வழுக்கி உட்கார்ந்தேன், எழுந்திருக்கச் சோம்பல், அப்படியே நூலைப் போட்டேன், மூன்றாவது வீச்சில் மீன்! அன்றிலிருந்து முட்டிபோட்டுத்தான்.

அப்புறம் இன்னொன்று. பாறைக்குப் பின்னால் நீர் அடங்கும் சின்னக் குழியில் பூச்சியை இறக்குகிறீர்கள், நடுவிலுள்ள வேகமான நீர் நூலைப் பிடித்து இழுக்கிறது, பூச்சி நீரைக் கீறிக்கொண்டு ஓடுகிறது. எந்தப் பூச்சியும் அப்படி நீந்தாது என்று மீனுக்குத் தெரியும். கோலை உயர்த்தி, நூலைத் தண்ணீரில் படாமல் தூக்கிப் பிடியுங்கள். பூச்சி இரண்டு விநாடி சும்மா மிதந்தால் போதும்.

மீன் சிக்கினால் முதலில் கையை நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த கை அதன் மேலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும். முதுகில் புழு ஊர்ந்த மாதிரி கோடுகள், பக்கத்தில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி, துடுப்போரம் வெள்ளை என்றிருந்தால் அது புரூக் ட்ரௌட். உள்ளூர்க்காரர்கள் 'ஸ்பெக்' என்பார்கள். அந்த மலைக்குச் சொந்தமான ட்ரௌட் அது ஒன்றுதான். மரம் வெட்டும் கம்பெனிகள் காட்டை மொட்டையடித்ததும், வெளியிலிருந்து ரெயின்போ ட்ரௌட்டைக் கொண்டுவந்து விட்டதும் சேர்ந்து அதை உச்சி ஓடைகளுக்குத் துரத்திவிட்டன.

கேள்வி: நீலகிரியிலும் ட்ரௌட் உண்டு என்கிறாரே என் மாமனார்? (கோவை வாசகி)

பதில்: உண்மைதான் அம்மா. 1863-இல் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே ட்ரௌட்டை இங்கே கொண்டுவர முயன்றார், பலிக்கவில்லை. பிறகு மீன்வளர்ப்பு நிபுணர் எச்.சி.வில்சன் விடாமல் முயன்று, 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. தங்கியது ரெயின்போ, ஸ்மோக்கியில் ஸ்பெக்கைத் துரத்திய அதே மீன், இங்கேயும் வந்தேறிதான். மாமனார் தூண்டிலோடு கிளம்பினால், வனத்துறை அனுமதி வாங்கியாயிற்றா என்று முதலில் கேளுங்கள்.