‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ வீடியோ விளையாட்டின் சோக முடிவு இத்தனை பேரைக் கோபப்படுத்துவது ஏன்?

முடிவைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது. இனிமேல்தான் விளையாடப் போகிறீர்கள் என்றால் முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

விளையாடி நாளானவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: 2015 ஜனவரி முதல் அக்டோபர் வரை ஐந்து எபிசோடுகளாக வந்தது. உருவாக்கியது பிரான்சின் டோன்ட்நாட் நிறுவனம். அமெரிக்காவின் ஓரிகான் கடற்கரையில் ஆர்க்கேடியா பே என்று ஒரு கற்பனை ஊர். கதாநாயகி மேக்ஸுக்குக் காலத்தைப் பின்னால் ஓட்டும் சக்தி வருகிறது. அதை வைத்துத் தோழி க்ளோயியைச் சாவிலிருந்து மீட்கிறாள். அதன் விளைவாக ஊரையே அழிக்க ஒரு புயல் வருகிறது. கடைசியில் கலங்கரை விளக்கத்தின் அடியில் நின்று முடிவெடுக்க வேண்டும். க்ளோயி சாக வேண்டும், இல்லையென்றால் ஊர் சாக வேண்டும்.

என் சித்தி மகள் இதை முடித்ததும் ஹெட்போனைக் கழற்றிக் கட்டிலில் எறிந்தாள். “அண்ணே, அப்ப இவ்வளவு நேரமும் நான் என்னத்துக்காக்கும் இதை விளையாடினேன்?” என்று கேட்டாள். எல்லோருடைய கோபமும் இந்தக் கேள்விதான்.

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இரண்டாவது எபிசோடின் முடிவில் மேக்ஸோடு படிக்கும் கேட் என்ற பெண் குதிக்கப் போய் மொட்டைமாடி விளிம்பில் நிற்பாள். அந்த நேரம் பார்த்து மேக்ஸின் சக்தி வேலை செய்யாது. அதுவரை கேட்டின் அறையில் என்ன பார்த்தோம், அவள் யார் மேல் பாசம் வைத்திருக்கிறாள் என்பதெல்லாம் ஞாபகம் இருந்தால்தான் பேசிப் பேசி அவளைக் கீழே இறக்க முடியும். கவனித்துப் பார், ஒவ்வொரு ஆளும் முக்கியம் என்று விளையாட்டே நமக்குப் பழக்குகிறது. பிறகு க்ளோயியைக் கைவிட்டால் காலம் பின்னால் போய் அந்த வாரமே நடக்காததாகிவிடுகிறது. ஊரைக் கைவிட்டால் நாம் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றியவர்கள் புயலோடு போகிறார்கள். இடிந்த கட்டடத்தில் சிக்கிய இன்னொரு மாணவி அலிஸாவைச் சற்று முன்புதான் மீட்டிருப்போம்!

ஆனால் எல்லோரும் பிழைக்கிற மாதிரி மூன்றாவது வழி ஒன்று வைத்திருக்கலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அப்படி ஒன்று இருந்தால் எல்லோரும் அதையே எடுப்போம், மற்ற இரண்டுக்கும் கனமே இருக்காது. சாவு வந்ததில் எனக்குக் குறை இல்லை. செத்தவர்களுக்கு என்ன செய்தார்கள் என்பதில்தான் குறை.

நான் முட்டம் பக்கத்துக்காரன். நான் ஊரைக் காப்பாற்றினேன், யோசிக்கவே இல்லை. கடல் ஊருக்குள் வந்தால் என்ன ஆகும் என்று 2004இல் குளச்சலும் மணக்குடியும் பார்த்தன. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது ஆழ்கடலுக்குப் போனவர்களில் பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. உடல் இல்லாவிட்டாலும் இங்கே படம் வைத்தார்கள், திருப்பலி கொடுத்தார்கள், பெயர் சொல்லி அழுதார்கள். டிசம்பர் 26 அன்று கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவது இன்னும் நிற்கவில்லை.

விளையாட்டில் க்ளோயியைக் கைவிட்டால் அடக்கச் சடங்கு இருக்கிறது. கறுப்பு உடையில் எல்லோரும் நிற்கிறார்கள், சவப்பெட்டி மேல் நீல வண்ணத்துப்பூச்சி வந்து உட்காருகிறது, அழ நேரம் கிடைக்கிறது. ஊரைக் கைவிட்டவர்களுக்கு? இடிந்து கிடக்கிற தெரு வழியாக இருவரும் வண்டியில் போகிறார்கள், க்ளோயி மேக்ஸின் தோளில் கை வைக்கிறாள், முடிந்தது. அந்த முடிவு மற்றதைவிட மிகச் சின்னது என்பது அப்போதே பலர் சொன்ன குறை. என் தங்கை எடுத்தது இதைத்தான். க்ளோயியின் அம்மா ஜாய்ஸ் தான் வேலை பார்க்கும் உணவகத்தில் இருந்தாளே, அவள் என்ன ஆனாள் என்று தங்கை கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

சோகமாக முடித்தும் நம்மைத் திட்ட வைக்காத விளையாட்டுகள் இருக்கின்றன. 2012இல் வந்த ‘தி வாக்கிங் டெட்’ முதல் சீசனில் கதாநாயகன் லீயை நடைபிணம் ஒன்று கடித்துவிட்டதும் அவன் கதை முடிந்தது. கையை வெட்டினாலும் சரி, வெட்டாவிட்டாலும் சரி, சாவு நிச்சயம். அங்கேயும் நம் தேர்வு எதையும் மாற்றுவதில்லை. ஆனால் கடைசியில், தான் பாதுகாத்து வந்த எட்டு வயதுச் சிறுமி க்ளெமென்டைனிடம் அவன் என்ன சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பதை நாம் தேர்ந்தெடுக்கிறோம். விடைபெற விட்டார்கள். அதனால்தான் அழுதோம், ஏமாந்ததாகத் தோன்றவில்லை.

அதே அளவு நேரத்தை ஆர்க்கேடியா பேக்கும் கொடுத்திருக்க வேண்டும். அந்த உணவகம் இருந்த இடத்தில் மேக்ஸை ஒருமுறை இறங்கி நடக்கவிட்டிருந்தால் போதும், என் தங்கை ஹெட்போனை எறிந்திருக்க மாட்டாள்.

நீங்களும் ஊரைக் கைவிட்டவர் என்றால் இரண்டாம் பாகத்தையும் விளையாடிவிடுங்கள். கதையும் ஆட்களும் வேறு. ஆனால் 2019 டிசம்பரில் வந்த அதன் கடைசி எபிசோடில் க்ளோயியின் வளர்ப்புத் தந்தை டேவிட் வருகிறார். ஜாய்ஸைப் பற்றி அவர் வாயால் கேட்கலாம். நாலு வருடம் தாமதம்தான், இருந்தாலும் கேளுங்கள்.