காதுக்குத் தோதான ஹெட்போன்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வீட்டிலிருந்தே வேலை. தினம் ஐந்தாறு மணி நேரம் ஹெட்போன் தலையில்தான் இருக்கும். கண்ணாடியும் போடுகிறேன். ஒரு மணி நேரத்திலேயே காது வலி எடுத்துவிடுகிறது. பேட்டரி 50 மணி நேரம் நிற்கும் என்று பார்த்து வாங்கியது. அடுத்ததை எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்களிடம் இருப்பது காதின் மேலேயே உட்காரும் வகையாகத்தான் இருக்க வேண்டும். அதன் மெத்தை, காது மடலைக் கண்ணாடிக் காம்பின் மேல் வைத்து அழுத்துகிறது. மடலின் பெரும்பகுதி குருத்தெலும்பு. மணிக்கணக்கில் அந்த அழுத்தத்தை அது தாங்காது. நீங்கள் வாங்க வேண்டியது காதைச் சுற்றி உட்காரும் வகை.

எடை குறைந்தால் சொகுசு என்று நினைத்துவிடாதீர்கள். சோனியின் சிஎச்520 வெறும் 147 கிராம்தான், ஆனால் அது காதின் மேல் உட்காருவது. அதே நிறுவனத்தின் சிஎச்720என் 192 கிராம். காதைச் சுற்றி உட்காரும். நாள் முழுக்கப் போடுகிறவருக்கு இரண்டாவதுதான் சுகம். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் 385 கிராமுக்குப் பக்கம். சத்தம் அருமை, ஆனால் ஐந்து மணி நேரத்துக்கு உச்சந்தலையும் கழுத்தும் ஒத்துழைக்க வேண்டும்.

கடைக்குப் போகுமுன் காதின் உயரத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு ஆறிலிருந்து ஏழு சென்டிமீட்டர் இருக்கும். மெத்தையின் உள்குழி அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஆழத்தையும் கவனியுங்கள். மடல் நுனி உள்ளே இருக்கும் துணியில் உரசினால், முதலில் ஒன்றும் தெரியாது. அரை மணி கழித்து அந்த ஒரு புள்ளி மட்டும் எரியத் தொடங்கும். கடையில் இரண்டு நிமிடம் மாட்டிப் பார்த்தால் எல்லாமே சொகுசுதான். கண்ணாடியோடு இருபது நிமிடமாவது போட்டுப் பாருங்கள்.

கண்ணாடிக் காம்பு தடிமனாக இருந்தால் மெத்தைக்கும் தலைக்கும் நடுவே இடுக்கு விழும். பேஸ், அதாவது தாழ்ந்த கனமான ஒலி, அந்த வழியாகத்தான் போய்விடும். தவில் அல்லது பேஸ் கிட்டார் வரும் பாட்டைப் போட்டு, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். சத்தம் திடீரென்று கனத்தால் இடுக்கு இருக்கிறது என்று அர்த்தம். மெல்லிய உலோகக் காம்பும் மிருதுவான மெத்தையும் இதைப் பெருமளவு சரிசெய்யும்.

நம் கடலோரப் புழுக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். செயற்கைத் தோல் மெத்தை, வியர்வையிலும் ஈரக்காற்றிலும் வேதிமாற்றம் அடைந்து கறுப்புச் செதில்களாக உரியும். வேலை முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, பத்து நிமிடம் காற்றாட வைத்துவிட்டு உறையில் போடுங்கள். துணி மெத்தை வேர்க்காது, ஆனால் வெளிச் சத்தத்தைக் கூடுதலாக விடும். எதை வாங்கினாலும் "மெத்தை கழற்ற வருமா, தனியாகக் கிடைக்குமா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்த மாடலை விட்டுவிடுவதே நல்லது.

கேள்வி: பாட்டு கேட்கும்போது பிரமாதமாக இருக்கிறது. லேப்டாப்பில் ஆன்லைன் வகுப்பு தொடங்கியதும் சத்தம் தகர டப்பாவுக்குள் பேசுவது போல ஆகிவிடுகிறது. ஹெட்போன் கோளாறா?
– மாணவர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கோளாறு இல்லை, மாற்றவும் வேண்டாம். பாட்டு கேட்கும்போது புளூடூத், ஒலியை ஒரே திசையில், ஸ்டீரியோவாக அனுப்புகிறது. வகுப்புச் செயலி ஹெட்போனின் மைக்கைக் கேட்டதும், இரு திசையிலும் பேச்சு போகும் அழைப்பு முறைக்கு மாறிவிடுகிறது. அதில் ஒலி மோனோ, இரு காதிலும் ஒரே ஒலிதான். வினாடிக்கு எத்தனை முறை ஒலியை மாதிரி எடுக்கிறது என்ற வேகமும் வழக்கமாக 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான். பாட்டுக்கு 44.1 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும்போது இது தகரமாகத்தான் கேட்கும்.

தீர்வு, மைக்கைப் பிரிப்பது. விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், அவுட்புட்டில் ஹெட்போனையும் இன்புட்டில் லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். பிறகு வகுப்புச் செயலியின் ஆடியோ பகுதியிலும் அதே லேப்டாப் மைக்கை வையுங்கள். இந்த இரண்டாவது படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். செயலி தன் இஷ்டத்துக்கு ஹெட்போன் மைக்கைப் பிடித்துக்கொள்ளும். மின்விசிறி நேர் கீழே உட்கார்ந்தால் லேப்டாப் மைக்கில் காற்றிரைச்சல் விழும், சற்றுத் தள்ளி உட்காருங்கள்.

கேள்வி: எல்டாக் இருந்தால்தான் நல்ல சத்தம் என்கிறார்களே?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: எல்டாக் என்பது புளூடூத்தில் ஒலியைக் கூடுதல் விவரத்தோடு அனுப்பும் சோனியின் முறை. ஐபோன் என்றால் மறந்துவிடுங்கள், அதில் எல்டாக் கிடையாது. ஆண்ட்ராய்டில் அது வினாடிக்கு 990 கிலோபிட் வரை போகும், ஆனால் கூட்டமான இடத்தில் அந்த உச்சத்தில் வைத்தால் அறுந்து அறுந்து வரும். காதுக்குள் செருகும் பட்ஸின் ரப்பர் முனை காதில் சரியாக அடைப்பதால் கிடைக்கும் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு பெரியது.

கேள்வி: தினம் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ். இரைச்சல் தடுப்பு உள்ள பட்ஸ் வாங்கியும் ஹாரன், கண்டக்டர் விசில் எல்லாம் கேட்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: இல்லை. அந்த நுட்பம் வெளிச் சத்தத்தை மைக்கால் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அழிக்கிறது. எஞ்சின் உறுமல் போலத் தாழ்ந்த, ஒரே சீரான ஒலிக்கு அது வேலை செய்யும். விசில் உச்சஸ்தாயி, அதுவும் திடீரென்று வருவது. அதைத் தடுக்க வேண்டியது ரப்பர் முனைதான். பெட்டியில் வந்த மூன்று அளவையும் இரண்டு காதிலும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். இரு காதுக்கும் ஒரே அளவு பொருந்தாமல் போவது சகஜம்.

இரைச்சல் தடுப்பின் உண்மையான பலன், வால்யூமைக் குறைத்துக் கேட்க முடிவதுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபலுக்கு ஏற்றினால் அதே வாரத்துக்கு 4 மணி நேரம்தான். அது இரண்டு மூன்று நாள் பஸ் பயணத்திலேயே தீர்ந்துவிடும். இறங்கி ரோட்டைக் கடக்கும்போது ஒரு பக்கத்தைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: ஆறு மாதப் பட்ஸில் இடது பக்கம் சத்தம் குறைந்துவிட்டது. சாயங்காலம் கடற்கரையில் நடக்கும்போதுதான் போடுவேன்.
– வாசகர், தேவனாம்பட்டினம்

பதில்: முதலில் போன் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குள் இடது-வலது பேலன்ஸ் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பெரும்பாலும் காதழுக்குதான். ரப்பர் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், வலையில் மஞ்சளாக ஒரு படலம் தெரியும். வலை கீழே பார்க்கும்படி பிடித்து, உலர்ந்த மிருதுவான டூத்பிரஷால் தட்டித் தட்டித் தேயுங்கள். மேல்நோக்கிப் பிடித்தால் அழுக்கு உள்ளேதான் விழும். ஊசி, பின் எதையும் விடாதீர்கள், வலை கிழிந்துவிடும். முனையை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

உப்புக்காற்றுக்கு ஐபிஎக்ஸ்4 என்ற நீர்த்தடுப்புத் தரம் உதவாது. அது நல்ல தண்ணீர்த் தெறிப்புக்கான சோதனை மட்டுமே, சார்ஜ் பெட்டிக்குப் பெரும்பாலும் அதுவும் இருக்காது. வீட்டுக்கு வந்ததும் பட்ஸை லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்த்திய பிறகே பெட்டியில் வையுங்கள். பெட்டிக்குள் இருக்கும் பித்தளை நிறப் புள்ளிகள் பச்சையாகவோ கறுப்பாகவோ தெரிந்தால், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட காட்டன் பட்ஸால் துடையுங்கள். கை சானிடைசர் வேண்டாம், அதில் இருக்கும் பசை அங்கேயே படிந்துவிடும்.