தலைகீழா தொங்குற இன்ஜின்

கே: சார், திருவொத்தியூர்ல இருபது வருஷமா புல்லட் வேலை பாக்குறேன். டைகர் மாத்னு ஒரு பழைய பிளேன், அதோட இன்ஜின் போட்டோ பாத்தேன், நாலு சிலிண்டர் வரிசையா, அதுவும் தலைகீழா தொங்குது, இன்னாத்துக்கு சார் அப்டி? ஆயில் எறங்காதா? காத்துல கூலாவுற இன்ஜின்னா முன் சிலிண்டர் மறைச்சிடும், கடைசி சிலிண்டர் சூடேறி இறுகி சீஸ் ஆவாதா?

ப: கேள்வியிலயே கை வேலை தெரியுது. அது ஜிப்ஸி மேஜர், இங்கிலாந்து டி ஹாவிலாண்ட் கம்பெனியோடது, 1932ல வந்தது. மொத்தம் 6.1 லிட்டர், ஒரு சிலிண்டரே 1,531 சிசி, உங்க 346 சிசி புல்லட் நாலை உள்ள போட்டாலும் இடம் மிச்சம்.

ப்ரொபெல்லர் நேரா கிராங்க்லயே (பிஸ்டன் சுத்தி விடுற தண்டு) மாட்டியிருக்கு, அதனால கிராங்க் மேல போனா அதுவும் மேல ஏறிக்கும், தரையில தட்டாது. ஹெட்டெல்லாம் (சிலிண்டர் மூடி) கீழ போயிடுறதால பைலட்டுக்கும் பார்வை மறைக்காது (தரையில நிக்கும்போது மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கும், அப்ப ஒண்ணும் தெரியாது, அது வேற கதை).

காத்து முன்னாடியிருந்து பின்னாடி நேரா ஓடுறதில்ல. ஒரு பக்கமா வாய் வழியா புகுந்து, தகடு வச்சு திருப்பி, நாலு சிலிண்டரோட ஃபின் (சூட்டை வெளிய விடுற மடிப்பு) இடுக்குலயும் குறுக்கால நுழைஞ்சு மறுபக்கம் வெளிய வரும். சூட்சுமமே அந்த தகடுதான், ஒண்ணு நெளிஞ்சு சந்து விட்டாலும் காத்து அந்த சுலப வழியில ஓடிடும், ஃபின் காயும்.

ஆயிலுக்கு தனி டேங்க் உண்டு. ஆனா நீங்க பயந்தது நெசம், வண்டி சும்மா நின்னா மிச்சமிருக்குற ஆயில் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஹெட்டுக்குள்ள எறங்கும். அப்டியே கெளப்பினா ஆயில் அமுங்காது, பிஸ்டனையும் கிராங்கையும் சேக்குற கனெக்டிங் ராடுதான் வளையும். அதனால ப்ளக்குக்கு பொறி குடுக்குற மேக்னட்டோ சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு ப்ரொபெல்லரை கையால மெதுவா சுத்திப் பாப்பாங்க, கல்லு மாதிரி நின்னா முக்கக் கூடாது, ப்ளக்கைக் கழட்டி வடிய விடணும்.

கே: அவ்ளோ பெரிய இன்ஜினுக்கு பவர் எவ்ளோ சார்? (அதே வாசகர்)

ப: 2,350 ஆர்பிஎம்ல 130 குதிரை சக்தி, அவ்ளோதான். இன்னும் முறுக்கினா ப்ரொபெல்லர் நுனி சத்தத்தோட வேகத்தை நெருங்கும், அப்புறம் இரைச்சல்தான் ஏறும், இழுவை ஏறாது.