தங்கையை வீட்டுக்கே விடாத ஊழியக் குழு

பிரதர், கோத்தகிரி பக்கம் கிறிஸ்தவ ஊழியப் பயிற்சிக்குப் போன தங்கையின் போன் இப்போது மூத்த ஊழியர் கையில், கிறிஸ்துமஸுக்கு வரவும் அனுமதி இல்லை, கேட்டால் "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் வயிறு கலங்கியது.

அவர்கள் காட்டும் பைபிள் வசனமான சங்கீதம் 105:15, ஊர் ஊராக அலைந்த ஆபிரகாம் குடும்பத்தை ராஜாக்கள் தொடக்கூடாது என்று சொல்கிற வசனம். தலைவரைக் கேள்வி கேட்காதே என்று அங்கே இல்லவே இல்லை. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் 'காணிக்கை' என்று சொல்லித் தட்டிக் கழித்தவர்களை இயேசுவே கண்டித்தது மாற்கு 7ல் இருக்கிறது. 1970களில் அமெரிக்காவில் கல்யாணம், வேலை எல்லாவற்றிலும் மேய்ப்பருக்கு (சபைத் தலைவருக்கு) அடங்கி நடக்க வைத்த ஷெப்பர்டிங் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான பாப் மம்ஃபோர்டே 1990 வாக்கில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் அவளிடம் வசனச் சண்டை வேண்டாம், அதை விசுவாசத்துக்கு வரும் உபத்திரவம் என்று திருப்பிவிடுவார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் காலை பஸ் பிடித்து நேரில் போங்கள், வீட்டு முறுக்கு, ஸ்வெட்டர் ஏதாவது கையில் இருக்கட்டும். கொஞ்ச நேரமாவது தனியாகப் பேச விடச் சொல்லுங்கள். "எப்போ வேணும்னாலும் வா, யாரும் ஒன்னும் கேட்க மாட்டோம்" என்று மட்டும் சொல்லுங்கள், போதும். அப்புறம், அவளுடைய ஒரிஜினல் சான்றிதழ்கள் யாரிடம் இருக்கின்றன என்று கேட்டு வையுங்கள். அவள் கிளம்ப நினைத்தும் விடவில்லை என்றால் யோசிக்காமல் அவசர உதவி எண் 112, அல்லது பெண்களுக்கான உதவி எண் 181ஐக் கூப்பிடுங்கள்.