541 நாள் அமைச்சரவை இல்லை, பஸ் மட்டும் ஓடியது: கேள்வி பதில்

ஆட்சி முறைகள் பற்றிக் கேள்வி கேளுங்கள் என்று சொன்னதும் பாதிப் பேர் பெல்ஜியத்தைப் பிடித்துக்கொண்டீர்கள். சரி, அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

கேள்வி: அண்ணா, பெல்ஜியத்தில் ஒன்றரை வருஷம் அரசாங்கமே இல்லையாமே? அப்புறம் அரசாங்கம் எதற்கு, வரி எதற்கு?

பதில்: பாதிதான் உண்மை தம்பி. 2010 ஜூன் 13 அன்று தேர்தல், புது அமைச்சரவை பதவியேற்றது 2011 டிசம்பர் 6, நடுவில் 541 நாள். டச்சு பேசும் வடக்குக்குத் தனிக் கட்சிகள், பிரெஞ்சு பேசும் தெற்குக்குத் தனிக் கட்சிகள், அதனால் கூட்டணிப் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. ஆனால் பழைய பிரதமர் லெத்தெர்ம் காபந்துப் பிரதமராக உட்கார்ந்திருந்தார், அதிகாரிகள் வேலைக்கு வந்தார்கள். புது பட்ஜெட் இல்லாத மாதங்களுக்குப் பழைய பட்ஜெட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டுச் செலவு செய்ய அங்கே ஏற்கெனவே வழி இருந்தது. அரசு அமைக்க அதிக நாள் எடுத்த நாடு என்ற ஈராக்கின் சாதனையைத் தாண்டிய நாளில் மாணவர்கள் தெருவில் உருளைக்கிழங்கு வறுவலை இலவசமாகக் கொடுத்துக் கொண்டாடினார்கள்! சிரிப்பு அடங்கியது 2011 நவம்பர் 25 அன்று, நாடுகளின் கடன் திருப்பும் திறனுக்கு மதிப்பெண் போடும் எஸ் அண்ட் பி நிறுவனம் பெல்ஜியத்தின் கடன் தரத்தைக் குறைத்தபோது. ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தவர்கள் மறுநாளே பட்ஜெட்டில் உடன்பட்டார்கள்.

கேள்வி: சார், அங்கே மன்னர் இருக்கிறாரே, அது முடியாட்சியா, மக்களாட்சியா? குரூப் 2க்குப் படிக்கிறேன், ஒரே குழப்பம்.

பதில்: இரண்டும்தான். அரசியலமைப்புக்கு உட்பட்ட முடியாட்சி என்று எழுதுங்கள், அதாவது மன்னர் இருப்பார், ஆனால் முடிவெடுப்பது மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள். ஒரு சம்பவம் சொல்கிறேன், மறக்காது. 1990இல் நாடாளுமன்றம் கருக்கலைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அப்போதைய மன்னர் தீவிரக் கத்தோலிக்கர், என் மனசாட்சி இடம் தராது, கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அமைச்சர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மன்னரால் இப்போது ஆள இயலவில்லை என்று அறிவித்துவிட்டுத் தாங்களே கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் நாடாளுமன்றம் கூடி அவரைத் திரும்ப அரியணையில் உட்கார வைத்தது.

கேள்வி: நிஜமாகவே அரசு இல்லாமல் போன நாடு ஏதாவது உண்டா?

பதில்: சோமாலியா. 1991 ஜனவரியில் அதன் சர்வாதிகாரி சியாட் பாரே தலைநகர் மொகடிஷுவை விட்டு ஓடியபோது அவர் மட்டும் போகவில்லை, மத்திய வங்கி, நீதிமன்றம், போலீஸ் எல்லாம் சேர்ந்து போயின. வேடிக்கை என்னவென்றால், வங்கியே இல்லாத பிறகும் அந்த நாட்டுப் பணமான பழைய ஷில்லிங் நோட்டு சந்தையில் புழங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஆயுதக் குழுத் தலைவர்களும் வியாபாரிகளும் அதே மாதிரி நோட்டை வெளிநாட்டில் அச்சடித்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். கள்ள நோட்டு என்று தெரிந்தாலும் எந்த ஸ்டேஷனில் போய்ப் புகார் கொடுப்பது? கடைக்காரர் வாங்கிப் போட்டுக்கொண்டார், நோட்டின் மதிப்பு சரிந்துகொண்டே போனது.

கேள்வி: நல்ல சர்வாதிகாரி ஒருத்தர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் என் மாமா.

பதில்: மாமா சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, வேலை வேகமாக நடக்கும். இதே சியாட் பாரே 1969இல் ராணுவப் புரட்சியில் வந்தவர்தான். சோமாலி மொழிக்கு எந்த எழுத்து என்று வருஷக்கணக்காக ஓடிய சண்டையை 1972இல் லத்தீன் எழுத்து என்று ஒரே முடிவாக முடித்தார். அதே கையால்தான் 1977இல் எத்தியோப்பியா மேல் படையை அனுப்பித் தோற்றார். தடுக்க ஆளில்லை. நல்லவர் சரி, அவருக்கு அப்புறம் யார் என்று மாமாவிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கூட்டாட்சி என்பதை ஒரே வரியில் சொல்ல முடியுமா?

பதில்: ஒரே வரியா, கஷ்டம். பெல்ஜியம் 1993இல் முறைப்படி கூட்டாட்சி ஆனது, பள்ளிக்கூடமும் டவுன் பஸ்ஸும் மத்திய அரசின் கையில் இல்லை, அந்தந்தப் பகுதி அரசுகளின் கையில். அதனால்தான் அந்த 541 நாளில் பிள்ளைகளுக்கு லீவு கிடைக்கவில்லை.