5,540 கிலோமீட்டருக்கு எட்டு மணி நேரமா?

கேள்வி: லண்டன்–நியூயார்க் 5,540 கி.மீ., விமானத்தில் ஆறரை மணி நேரம் என்கிறது ஓர் இணையதளம். என் டிக்கெட்டிலோ காலை 11.00-க்குக் கிளம்பி மதியம் 2.00-க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. எது சரி? 3.30-க்கு சிகாகோ விமானம் பிடிக்க வேண்டும். ஏஜென்ட் "தாராளமாகப் பிடிக்கலாம்" என்கிறார்.

பதில்: இரண்டுமே உங்கள் பயண நேரம் அல்ல. ஆறரை மணி என்பது தூரத்தை மணிக்கு 850 கி.மீ. என்ற விமான வேகத்தால் வகுத்து வந்த எண், அவ்வளவுதான். காற்று, ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரம், இறங்க இடம் கிடைக்காமல் வானில் சுற்றும் நேரம் எதுவும் அந்தக் கணக்கில் கிடையாது.

டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர்க் கடிகார நேரங்கள். நியூயார்க் ஐந்து மணி நேரம் பின்னால் இருப்பதால் 2.00 என்பது லண்டனில் இரவு 7.00. ஆக, பயணம் எட்டு மணி நேரம். மேற்கே போகும்போது எதிர்க்காற்று. திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளுவதால் ஏழு மணி நேரம் போதும். 2020 பிப்ரவரியில் ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்தது. எட்டு மணி நேரத்தில் ஒரு பகுதி, விமான நிறுவனங்களே சேர்த்துக்கொண்ட உபரி. 15 நிமிடத்துக்குள் தாமதித்தால் அது தாமதமே இல்லை என்ற விதி வேறு. அட்டவணையை இழுத்துவிட்டு, நேரம் தவறாதவர்கள் என்று விளம்பரமும் செய்கிறார்கள்!

இனி 3.30 விமானம். "பெட்டி நேராக சிகாகோ போய்விடும்" என்றும் ஏஜென்ட் சொல்லியிருப்பார். நம்பாதீர்கள். பொதுவாக அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி ஒப்படைத்து, மறுபடி பாதுகாப்புச் சோதனைக்கு நிற்க வேண்டும். பல நிறுவனங்கள் உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி வாங்குவதைப் புறப்பாட்டுக்கு 45 நிமிடம் முன்பே நிறுத்திவிடும். மிச்சம் 45 நிமிடம். அது இமிக்ரேஷன் வரிசைக்கே போதாது.

ஒரு விலக்கு உண்டு: அயர்லாந்தின் டப்ளின் வழியாகப் போவது. அமெரிக்க இமிக்ரேஷன், கஸ்டம்ஸ் இரண்டும் டப்ளினிலேயே முடிந்துவிடும். நியூயார்க்கில் உள்நாட்டுப் பயணி போலவே வெளியே வருவீர்கள். சிகாகோ வரை ஒரே டிக்கெட் என்றால் பெட்டியையும் நீங்கள் தொட வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சோதனைக்கு டப்ளினில் நேரம் வேண்டும். அங்கே ஒரு மணி நேர இடைவெளியில் மாட்டிக்கொண்டால், நியூயார்க்கில் மிச்சமாகும் நேரத்தால் பயனில்லை.

எல்லாவற்றுக்கும் மேல், டிக்கெட் எண்ணைப் பாருங்கள். ஏஜென்ட் தரும் முன்பதிவு எண் அல்ல. விமான நிறுவனம் தரும் 13 இலக்க எண். இரண்டு விமானத்துக்கும் அது ஒன்றுதானா? வேறு வேறு என்றால் மலிவாகக் கிடைத்த இரண்டு டிக்கெட்டை ஒட்டிக் கொடுத்திருக்கிறார். லண்டன் விமானம் தாமதமானால் சிகாகோ நிறுவனத்துக்கு நீங்கள் வராத பயணி; பணம் போகும், அதே டிக்கெட்டில் திரும்பும் பயணம் இருந்தால் அதுவும் ரத்தாகும்.

விமான நிலையத்தையும் பாருங்கள். நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்தில் இறக்கி, அங்கே இன்னொரு விமான நிலையமான லகார்டியாவிலிருந்து ஏறச் சொல்லும் டிக்கெட்டிலும் "நியூயார்க்" என்றுதான் போடுவார்கள். இடையில் சாலையில்தான் போக வேண்டும்.

ஒரே டிக்கெட் என்றால் மூன்று மணி நேர இடைவெளி கேளுங்கள். தனித்தனி என்றால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அன்றைய கடைசி சிகாகோ விமானமாகவும் அது இருக்கக் கூடாது.