தனி டம்ளர்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் தளத்தை இரண்டு வருடமாக வாசிக்கிறேன். எங்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். என் கணவர் இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் காசநோய்க் கிருமியைப் பற்றி ஆய்வு செய்கிறார், பதினோரு வருடம் ஆகிறது. ஊருக்குப் போனால் "மாப்பிள்ளை என்ன மருந்து கண்டுபிடிச்சார்?" என்று கேட்கிறார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவரைக் கேட்டால், "இன்னும் வளரலை" என்கிறார், கிருமியைச் சொல்கிறார். ஐதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனி வேலை வருகிறது. போகச் சொல்லலாமா? எனக்குப் பயமும் உண்டு. அவருடைய டம்ளரையும் தட்டையும் தனியாக வைத்திருக்கிறேன், அவருக்குத் தெரியாது. எட்டு வயதுப் பையன் அப்பாவின் வேலையைப் புரிந்துகொள்ள ஒரு தமிழ்ப் புத்தகம் சொல்லுங்கள்.

ம.

அன்புள்ள ம.,

புத்தகமெல்லாம் வேண்டாம். பையனை ஒரு சனிக்கிழமை அப்பா பக்கத்தில் உட்கார வைத்து, அவர் போனில் இருக்கும் ஸ்லைடு படங்களைக் காட்டச் சொல்லுங்கள். நீலத்தின் நடுவே மெல்லிய சிவப்புக் குச்சிகள், அவைதான் கிருமி. எட்டு வயதுக்கு அது போதும்.

"இன்னும் வளரலை" என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். ஆஸ்பத்திரி லேபில் முப்பத்தொரு வருடம் நான் டாக்டர்களுக்குச் சொன்ன பதிலும் அதுதான். மோரை உறை ஊற்றினால் விடிந்ததும் தயிர். வயிற்றுக்கடுப்புக் கிருமி இருபது நிமிடத்தில் இரண்டாகும். இந்தக் காசநோய்க் கிருமி இரண்டாக ஏறக்குறைய இருபது மணி நேரம் எடுக்கும். சின்ன பாட்டிலுக்குள் பச்சை நிறத்தில், சாய்வாக உறைய வைத்த முட்டைக் கலவை, நிஜக் கோழிமுட்டை. அதன்மேல் சளியைத் தடவி 37 டிகிரியில் வைத்துவிட்டு வாரத்துக்கு ஒரு நாள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். மூன்றாம் வாரம், நான்காம் வாரம், ஒன்றுமிருக்காது. பிறகு ஒரு நாள் ரொட்டித் தூள் சிந்தினாற்போல ஓர் ஓரத்தில் வெளிறிய மஞ்சளில் சொரசொரப்பு. எட்டு வாரம் வரை பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று எழுதலாம். ஒருமுறை ஏழாம் வாரத்தில் ஒரு வரிசை முழுக்கப் பூஞ்சணம். என் கவனக்குறைவு. உம்சிண்டோவிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு கிழவரிடம் மறுபடி சளி கொடுங்கள் என்று சொல்லப் போனவனும் நான்தான். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இந்த மெத்தனத்தை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டர்பன் இருக்கும் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் துகேலா ஃபெரி என்ற ஊரில் அநேகமாக எந்த மருந்துக்கும் மசியாத காசநோய் வந்து 53 பேரில் 52 பேர் போனார்கள். 2006ல் உலகத்துக்கே தெரிந்த சேதி. சளி எடுத்த நாளிலிருந்து பாதிப் பேர் 16 நாள்கூடத் தாங்கவில்லை. பாட்டிலில் கிருமி கண்ணுக்குத் தெரியும் முன்பே ஆள் மண்ணுக்குள். உங்கள் வீட்டுக்காரர் எதன் முன்னால் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

இனி டம்ளருக்கு வருகிறேன். கோபமாகத்தான் வருகிறேன் அம்மா.

உங்கள் கணவருக்கு நோயே இல்லை. இருந்தாலும் அது இருமலில் காற்றோடு போகிற நோய், டம்ளரில் ஒட்டுகிற நோயில்லை. உள்ளே இருக்கும் காற்று வெளியே வராதபடி கட்டிய அறையில், மூக்கையும் வாயையும் இறுக்க மூடி வேலை செய்துவிட்டு வருகிற மனிதருக்கு வீட்டில் தனித் தட்டு! இத்தனை வருடம் அவரோடு குடித்தனம் நடத்திவிட்டு இதை அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா? எனக்கு எழுதுகிறீர்கள், அவரிடம் மறைக்கிறீர்கள்.

1963ல் எங்கள் வீட்டிலும் ஒரு தனிக் குவளை இருந்தது. நீல விளிம்பு போட்ட வெள்ளை எனாமல் குவளை. மற்றதோடு கலந்துவிடாமலிருக்க ஆயா, எங்கள் பாட்டி, அதன் காதில் சிவப்பு நூல் கட்டியிருந்தாள். அப்போது நாங்கள் மேகசின் பாரக்ஸில், டர்பன் கார்ப்பரேஷனின் இந்தியத் தொழிலாளிகள் குடியிருப்பில். அப்பா கார்ப்பரேஷனில் ரோடு கூட்டுகிறவர். ஓர் அறையில் ஏழு பேர். அத்தைக்கு இருபத்துநாலு வயது, இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. எக்ஸ்ரேயில் தெரிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பதினெட்டு மாதம். எந்த ஆஸ்பத்திரி என்பது இப்போது எதற்கு. பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கீழே புல்லில் வரிசையாக நிற்போம். இரண்டாம் மாடி ஜன்னலில் ஒரு வெள்ளைத் துண்டு ஆடும். எந்தத் துண்டு அத்தையுடையது என்று எங்களுக்குள் சண்டை நடக்கும். அவள் திரும்பி வருவதற்குள் பாரக்ஸைக் காலி செய்து எங்களை இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு ஏற்றிவிட்டார்கள். போனது ஒரு வீட்டிலிருந்து, வந்தது வேறு வீட்டுக்கு. குழந்தை ஆயாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

இருபது வருடம் கழித்து லேப் பரீட்சைக்குப் படிக்கும்போது ஒரு பாடப் புத்தகத்தில் "மெட்ராஸ்" என்ற சொல்லைப் பார்த்தேன். 1956ல் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கினார்கள். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் நடத்தினார். மெட்ராஸின் ஏழை நோயாளிகள் 193 பேர். சீட்டுக் குலுக்கினாற்போலப் பிரித்து, பாதிப் பேரைச் சானடோரியத்துக்கு, அதாவது காசநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மீதிப் பேர் அவரவர் வீட்டிலேயே, அதே நெரிசலில், அதே அரைவயிற்றுச் சாப்பாட்டில். இரண்டு தரப்புக்கும் ஒரு வருடம் ஒரே மாத்திரைகள். 1959ல் முடிவு வந்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அதற்கப்புறமும் வருடக்கணக்கில் குடும்பங்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டில் வைத்திருந்ததால் கூட இருந்தவர்களுக்கு நோய் அதிகம் வரவில்லை.

1959. என் அத்தை ஆஸ்பத்திரிக்குப் போனது 1963. ட்ரூரோ கப்பல் 1860ல் மெட்ராஸிலிருந்து எங்கள் ஆட்களை இங்கே ஏற்றிவந்தது. அதே மெட்ராஸின் சேதி வந்து சேர இத்தனை நாளா? அந்தப் பக்கத்தை மூடிவிட்டு லைப்ரரியிலிருந்து எழுந்து வெளியே போய் நின்றேன்.

இப்போது சொல்லுங்கள், சேத்துப்பட்டில் அவர்கள் "என்ன மருந்து கண்டுபிடித்தார்கள்"? ஒரு மருந்தும் இல்லை. மாத்திரைகள் ஏற்கெனவே கடையில் இருந்தவை. தாயைப் பிள்ளையிடமிருந்து பிரிக்க வேண்டாம் என்பதைக் கண்டுபிடித்தார்கள். அதையும் ஒவ்வொரு சளியாக, ஒவ்வொரு பாட்டிலாக, வாரக்கணக்கில் காத்திருந்து எண்ணித்தான் கண்டுபிடித்தார்கள். அந்தப் பாட்டில்களைத் தூக்கிப் பார்த்தவர்களின் ஊரிலும் யாராவது "மாப்பிள்ளை என்ன கண்டுபிடிச்சார்" என்று கேட்டிருப்பார்கள். முதல் சில வாரத்திலேயே பெரும்பாலான கிருமி செத்துவிடுகிறது, அப்புறமும் ஏன் ஆறு மாதம் மாத்திரை தின்ன வேண்டும்? மருந்துக்கு நடுவிலேயே ஒடுங்கிக் கிடக்கும் அந்தக் கொஞ்சம் கிருமிகள் எவை? இந்தக் கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் பல வருடம் வெறுங்கையோடுதான் வீட்டுக்கு வருவார்கள். தஞ்சாவூரில் கேட்டால், "இன்னும் வளரலை" என்றே சொல்லுங்கள். பொய்யில்லை.

அத்தை 2009 வரை இருந்தாள். குணமாகி நாற்பத்துச் சொச்சம் வருடம். கல்யாண வீட்டில்கூடத் தன் டம்ளரைத் தானே கழுவிக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாரும் அப்படிச் சொல்லவில்லை, ஆயா போய்ச் சேர்ந்தே முப்பது வருடமாகியிருந்தது.

இன்றைக்கு ராத்திரி அவர் டம்ளரை மற்ற டம்ளர்களோடு கவிழ்த்து வையுங்கள். அவரிடம் சொல்லிவிட்டே வையுங்கள், சிரிப்பார்.

ஐதராபாத் விஷயம் உங்கள் இருவர் பாடு. சம்பளம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவேயில்லையே.